உஷார்! செஸ் பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதாதீர்கள்

சென்னையில் ஏதாவதொரு பள்ளி ஆடிட்டோரியத்தில் ஞாயிற்றுக்கிழமை ரேட்டிங் டோர்னமென்ட் நடந்தால், வாசல் பக்கம் போய்ப் பாருங்கள். உள்ளே இருநூறு, முந்நூறு பிள்ளைகள் போர்டின் மேல் குனிந்திருப்பார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியிலும் படிக்கட்டிலும் மரத்தடியிலுமாக அப்பாக்கள், அம்மாக்கள். மடியில் டிபன் பாக்ஸ், கையில் போன். ரிசல்ட் வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கொரு தரம் விரல் திரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

போன மாதம் அப்படியொரு படிக்கட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருவர்.

"சார், உங்க பையன் என்ன ரேட்டிங்?"

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பது. பத்து வயசு முடியப்போகுது."

"குகேஷ் இந்த வயசுல எவ்வளவு இருந்தார்னு பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காம இருப்பேனா?" என்றவர் போனில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினார். முதல் வரிசையில் வயது. அடுத்து பிரக்ஞானந்தா. அதற்கடுத்து குகேஷ். பிறகு அவர் பையன். கடைசியில் இன்னொரு பெயர். அதே அகாடமியில் பயிலும் வேறொரு வீட்டுப் பிள்ளையாம். "ரெண்டு பேர்ல எவன் மேல போவான்னு இப்பவே தெரிஞ்சிடும் சார். விளையும் பயிர் முளையிலே தெரியும்னு சும்மாவா சொன்னாங்க!"

எனக்கு அடிவயிறு சில்லிட்டது. அந்தப் பழமொழி நெல்லுக்குச் சரி. செஸ்ஸுக்குச் சரியில்லை என்பதற்கு நம் கண்முன்னாலேயே சாட்சிகள் நடமாடுகின்றன. ஆனாலும் ஷீட் போடுகிறோம், பந்தயக் குதிரைபோல் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறோம், அதை நம்பிப் பள்ளியை நிறுத்துகிறோம், நகையை அடகு வைக்கிறோம். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

முதலில் ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம். 1990-இல் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஜனவரியில் சிம்ஃபெரோபோலில் செர்கேய் கர்யாகின், நவம்பரில் நார்வேயில் மாக்னஸ் கார்ல்சன். கர்யாகின் 2002-இல், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். உலகிலேயே அதுவரை அத்தனை சின்ன வயதில் யாரும் ஆனதில்லை. அதற்கும் சில மாதங்கள் முன்பு, உலகப் பட்டத்துக்கு ஆடிய பொனோமரியோவின் உதவியாளர் குழுவிலேயே அந்தப் பொடியன் இருந்தான். கார்ல்சன் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது 13 வயது 4 மாதம். 2005-இல் ஹாலந்தின் வைக் ஆன் ஜீ போட்டியில் இருவரும் பி பிரிவில் ஆடினார்கள். முதலிடம் கர்யாகினுக்கு, கார்ல்சன் அவருக்குப் பின்னால். 2009-இல் அதே ஊரில் பெரியவர்களின் ஏ பிரிவையே கர்யாகின் தனியாக வென்றார். அன்றைக்கு நம் படிக்கட்டு அப்பா ஷீட் போட்டிருந்தால் எந்தப் பெயருக்கு நேராக மஞ்சள் அடித்திருப்பார்?

அடுத்த ஜனவரியில் கார்ல்சன் உலக ரேட்டிங் பட்டியலில் முதலிடம். 2013-இல் நம் சென்னைக்கே வந்து ஆனந்தை 6.5-3.5 என்று வீழ்த்தி உலக சாம்பியன். 2014-இல் ரேட்டிங் 2882. அந்த உயரத்தை இதுவரை யாரும் எட்டவில்லை. 2016-இல் நியூயார்க்கில் இருவரும் உலகப் பட்டத்துக்கே மோதினார்கள். பன்னிரண்டு ஆட்டத்தில் 6-6. எட்டாவது ஆட்டத்தை வென்று கர்யாகின்தான் முன்னிலையில் இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் ரேபிட் டை-பிரேக்கில், தன் 26-வது பிறந்த நாளன்று, ராணியையே பலி கொடுத்து கார்ல்சன் முடித்தார். மயிரிழை. ஆனாலும் இன்று இந்த இரண்டு பெயரையும் ஒரே தராசில் வைக்க யாரும் முன்வர மாட்டார்கள். அந்த வித்தியாசம் பன்னிரண்டு வயதில் எந்தப் பட்டியலில் தெரிந்தது?

அயல்நாட்டுக் கதை எதற்கு, நம் ஊருக்கே வருவோம்.

2013 நவம்பர். சென்னை ஹோட்டலில் ஆனந்தும் கார்ல்சனும் கண்ணாடி அறைக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன். ஒரு நாள் தானும் அந்த அறைக்குள் உட்கார வேண்டும் என்று அன்றே நினைத்ததாகப் பின்னாளில் அவனே சொன்னான். காய் நகர்த்தக் கற்றுக்கொண்டதே அந்த ஆண்டுதான். பெயர் குகேஷ். அதே ஆண்டு, அவனைவிடப் பத்து மாதம் மூத்த இன்னொரு சென்னைப் பையன் எட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் உலக சாம்பியனாகிக் கோப்பையோடு வந்தான். அவன் பிரக்ஞானந்தா. அன்று இருவரையும் ஒப்பிடுங்கள் என்று யாரிடமாவது கேட்டிருந்தால், கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள்.

2016-இல் பிரக்ஞானந்தா பத்து வயதில் உலகின் மிக இளைய சர்வதேச மாஸ்டர். 2018 ஜூனில், 12 வயது 10 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். 2022-இல் ஆன்லைன் ரேபிட் ஆட்டத்தில் கார்ல்சனைத் தோற்கடித்தபோது வயது 16. 2023 ஆகஸ்ட்டில் பாகுவில் உலகக் கோப்பை. நகாமுராவையும் கருவானாவையும் தாண்டி இறுதி ஆட்டம் வரை போனார். அதே கோப்பையில் குகேஷ் கால் இறுதியிலேயே கார்ல்சனிடம் தோற்று வெளியேறியிருந்தார். அந்த வாரம் தமிழ்நாட்டில் டீக்கடையிலிருந்து டிவி ஸ்டூடியோ வரை ஒரே தீர்ப்பு: அடுத்த உலக சாம்பியன் பிரக்ஞானந்தா.

பதினாறு மாதம். அவ்வளவுதான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தது குகேஷ். பதினெட்டு வயதில், போட்டிப் பட்டம் எதுவும் இல்லாமல் உலகமே ஒப்புக்கொண்ட சாம்பியன்களிலேயே இளையவர் ஆனார். அந்தப் பயணத்துக்கு வாசல் திறந்த டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டிக்கு முன்னால், குகேஷ் ஜெயிப்பதைத் தன்னால் கற்பனை செய்ய முடியவில்லை என்று சொன்னவர் யார் தெரியுமா? கார்ல்சன். இந்த விளையாட்டை உயிரோடு இருப்பவர்களில் மிக நன்றாகப் புரிந்துகொண்ட மனிதர். அவருக்கே தப்பியது. நமக்கு எக்செல் ஷீட்!

சரி, முடிவு தெரிந்துவிட்டது, குகேஷ்தான் பெரியவர் என்று பேனாவை மூடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பட்டம் வென்று இரண்டே மாதத்தில், 2025 பிப்ரவரியில், வைக் ஆன் ஜீயில் இருவரும் 8.5 புள்ளியோடு சமநிலை. கடைசிச் சுற்றில் இருவருமே தோற்றார்கள். குகேஷை அர்ஜுன் எரிகைசி வீழ்த்தினார், பிரக்ஞானந்தாவை ஜெர்மனியின் கெய்மர். பிளிட்ஸ் டை-பிரேக்கின் முதல் ஆட்டத்தில் குகேஷ் வென்றார். அடுத்த இரண்டும் பிரக்ஞானந்தாவுக்கு, கோப்பையும் அவருக்கே. அந்த ஆண்டு அவர் ருமேனியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் பட்டங்களைக் குவித்தார். உலக சாம்பியனோ செப்டம்பரில் சமர்கண்டில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றார். டீக்கடை மறுபடி கட்சி மாறியது. இத்தனைக்கும் நடுவில் ஜூன் மாதம் நார்வேயில் அதே குகேஷிடம் கிளாசிக்கல் ஆட்டத்தில் தோற்ற கார்ல்சன் மேஜையைக் குத்திய வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். இருவருக்கும் இருபதைச் சுற்றித்தான் வயது. இன்னும் இருபது ஆண்டு ஆட்டம் பாக்கி.

எங்கே தப்பு நடக்கிறது? கிராண்ட்மாஸ்டர் ஆன வயதைத் திறமையின் அளவுகோல் என்று எடுத்துக்கொள்வதில். கிராண்ட்மாஸ்டர் ஆக மூன்று நார்ம் வேண்டும், 2500 ரேட்டிங் வேண்டும். நார்ம் எடுக்கப் போதுமான வெளிநாட்டு வீரர்களும் டைட்டில் வைத்திருப்பவர்களும் ஆடும் போட்டிகள் வேண்டும். அவை பெரும்பாலும் ஐரோப்பாவில். விமான டிக்கெட், விசா, ஹோட்டல், கூடவே போக வேலையை விட்ட அப்பாவோ அம்மாவோ. கர்யாகின் சாதனையை 2021-இல் முறியடித்த அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ரா மாதக்கணக்கில் புடாபெஸ்டில் தங்கி, ஒன்று முடிந்தவுடன் இன்னொன்று என்று போட்டி போட்டியாக ஆடித்தான் அதை எட்டினான். அவன் திறமையைக் குறை சொல்லவில்லை. உலக சாம்பியனாக இருந்த குகேஷையே சமர்கண்டில் வீழ்த்தியவன் அவன். ஆனால் அந்த "12 வயது 4 மாதம்" என்ற எண்ணுக்குள் திறமை எவ்வளவு, புடாபெஸ்டில் தங்க முடிந்த வசதி எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்பு, கர்யாகினின் சாதனையைக் குகேஷ் பதினேழே நாளில் தவறவிட்டிருந்தார். பதினேழு நாள் முன்னால் ஆகியிருந்தால் சிங்கப்பூரில் இன்னும் நன்றாக ஆடியிருப்பாரா?

ரேட்டிங் விஷயத்திலும் உஷார். 2024 மார்ச் 1 அன்று உலக செஸ் கூட்டமைப்பு 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே இரவில் புள்ளிகளை ஏற்றியது. 1500 இருந்த பிள்ளை தூங்கி எழுந்தபோது 1700. அந்தத் தேதிக்கு முன்னாலிருந்த குகேஷின் எண்ணோடு அதற்குப் பின்னாலிருக்கும் உங்கள் பையனின் எண்ணை ஒப்பிட்டால், பழைய படியால் அளந்த நெல்லையும் புதிய படியால் அளந்த நெல்லையும் கூட்டுவதுபோல்தான். வயதுப் பிரிவுகளோ ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. எட்டு வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் நேருக்கு நேர் உட்காரும். ஒருவர் இந்த உலகில் கிட்டத்தட்ட ஓராண்டு கூடுதலாக இருந்தவர். "அவன் இவனைவிடக் கெட்டிக்காரன்" என்று அங்கே தீர்ப்பு சொல்கிறோம்.

அடுத்தது, யாருமே ஷீட்டில் எழுதாத ஒரு வரிசை: மற்றவர்களுக்கு நடந்தவை. குகேஷ் உலக சாம்பியனான கதையை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பாருங்கள். உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காகக் கர்யாகின் 2022-இல் ஆறு மாதம் தடை செய்யப்பட்டார். கேண்டிடேட்ஸ் போட்டியில் ஓரிடம் காலியானது. போதிய ஆட்டங்கள் ஆடாததால் தகுதி இல்லாமலிருந்த டிங் லிரெனுக்காக சீனாவில் அவசர அவசரமாகப் போட்டிகள் வைத்து, அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாட்ரிட்டில் கடைசிச் சுற்றில் நகாமுராவை வென்று அவர் இரண்டாமிடம் பிடித்தார். இரண்டாமிடத்துக்கு எப்போதும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் அந்த ஜூலையில் கார்ல்சன் பட்டத்தை இனி தக்கவைக்க ஆடப்போவதில்லை என்று விலகினார். டிங் ஆடினார், வென்றார், அவரைத்தான் குகேஷ் வென்றார். குகேஷ் கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெற்றதும் 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் ஆதரவோடு சென்னையில் நடந்த ஒரு போட்டியின் புள்ளிகள் கைகொடுத்ததால்தான். அங்கே அர்ஜுனும் அவரும் சம புள்ளி. டை-பிரேக் கணக்கில் குகேஷ். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கதை வேறு. இதனால் குகேஷின் பட்டம் ஓர் இம்மியும் குறையாது. கதவு திறந்தபோது உள்ளே நுழையும் வலு அவருக்கு இருந்தது. ஆனால் கதவு திறக்கும் என்று எந்த ஜோசியர் சொன்னார்?

மனசு மாறுவதை எந்த வரிசையில் எழுதுவீர்கள்? டெல்லியின் பரிமார்ஜன் நேகி 2006-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது கார்ல்சனைவிடச் சில நாட்கள் இளையவர். ஷீட்டின்படி அவர்தான் அடுத்த கார்ல்சன்! அவர் ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார், கணினி அறிவியலில் ஆராய்ச்சி செய்தார். அது தோல்வியா? அவரைக் கேட்டால் சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஈரானில் பிறந்து பிரான்சுக்காக ஆடும் அலிரேசா ஃபிரூஜா 18 வயதில் 2800-ஐத் தாண்டினார், கார்ல்சனைவிட இளமையில். எதிராளி ஃபிரூஜாவாக இருந்தால் மட்டுமே தனக்கு மறுபடி உலகப் பட்டத்துக்கு ஆட ஆர்வம் வரலாம் என்று கார்ல்சனே குறிப்பிட்டார். மாட்ரிட் கேண்டிடேட்ஸில் என்ன ஆனது? நடுவில் ஓரிரவு விடிய விடிய ஆன்லைனில் புல்லட் ஆடிவிட்டு, மறுநாள் நெபோம்னியாச்சியிடம் தோற்றார் அந்த இளவரசர். பிறகு ஃபேஷன் டிசைனிங் பக்கம் மனம் போனது. 2024-இல் திரும்பி வந்து கிராண்ட் செஸ் டூரை வென்றார். இப்போது இவரை ஏறுமுகம் என்பதா, இறங்குமுகம் என்பதா?

மறுபக்கம், அந்த 2800 கோட்டை அதிகாரபூர்வப் பட்டியலில் ஆனந்துக்கு அடுத்துத் தொட்ட இந்தியர் குகேஷும் இல்லை, பிரக்ஞானந்தாவும் இல்லை. கிட்டத்தட்டப் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டரான, பெரிய போட்டிகளுக்கு அழைப்பு வராமல் ஓப்பன் டோர்னமென்ட்டுகளாக ஓடி ஓடி ஆடிய அர்ஜுன் எரிகைசி. ஆனந்தோ பதினெட்டு வயதில்தான் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை எட்டினார். முதல் உலகப் பட்டம் வந்தபோது வயது 31. இன்றைய படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால், "லேட் சார், விட்டுடுங்க" என்று அவர் அம்மாவிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்.

இனி, நான் மிகவும் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம்.

"குகேஷ் நாலாம் வகுப்போடு முழுநேரப் படிப்பை நிறுத்தினார், அவர் அப்பா டாக்டர் தொழிலையே விட்டுவிட்டுக் கூடப் போனார், அதனால்தான் ஜெயித்தார்" என்று படிக்கட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். காது மூக்கு தொண்டை மருத்துவர் ரஜினிகாந்த் தன் தொழிலை ஓரம் வைத்தார். பணம் தட்டுப்பட்டபோது நண்பர்கள் கொடுத்து உதவினார்கள். ஆனால் அதே ஊரில், அதே பள்ளிக் குழுமத்தில், பிரக்ஞானந்தா என்ன செய்தார்? 2022 மே மாதம் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை ஆடி அனிஷ் கிரியை அரையிறுதியில் தோற்கடித்துவிட்டு, காலையில் பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதப் போனார். இரண்டு வீடு, இரண்டு வழி. இரண்டுமே உச்சிக்குப் போயிருக்கின்றன. இதில் எதை ஃபார்முலா என்பீர்கள்?

அதைவிட முக்கியம், பள்ளியை நிறுத்திவிட்டு, ஓப்பன் ஸ்கூலில் பெயரைப் பதிந்துவிட்டு, பதினைந்து வயதில் 2100-இல் நின்றுபோன பிள்ளைகளை எந்த டிவியும் பேட்டி எடுப்பதில்லை. நான் சிலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குச் செஸ் பிடிக்கும், இன்னமும் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றுதான்: யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி, "அவன் உன்கூடத்தான் ஆரம்பிச்சான்" என்று வீட்டில் எழும் பேச்சு.

நூறு ஆண்டுக்கு முந்தைய கதை ஒன்று. போலந்தில் பிறந்த சாமுவேல் ரெஷெவ்ஸ்கி எட்டு வயதில் தாடி வைத்த பெரியவர்கள் இருபது பேரை வரிசையாக உட்காரவைத்து ஒரே நேரத்தில் ஆடிக் காட்டிய அதிசயச் சிறுவன். பெற்றோர் அவனை ஊர் ஊராக, நாடு நாடாகக் கூட்டிப்போனார்கள். அமெரிக்காவில் பிள்ளையைச் சரியாகப் பராமரிக்கவில்லை, பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோர் கோர்ட் படி ஏற வேண்டியதாயிற்று. பிறகு அவன் ஏழு ஆண்டு கிட்டத்தட்டப் போட்டிகளையே விட்டுவிட்டுப் படித்தான், சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம் வாங்கினான். திரும்பி வந்து அமெரிக்க சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றான். உலகப் பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் எண்பது வயதுவரை, இறக்கும்வரை, சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தான்.

இப்போது அடுத்த ஜோடி தயாராகிவிட்டது. அர்ஜென்டினாவின் ஃபாஸ்டினோ ஓரோ, 2024-இல் பத்து வயதில் சர்வதேச மாஸ்டர், "செஸ் மெஸ்ஸி" என்று பட்டப்பெயர் வேறு. துருக்கியின் யாகிஸ் கான் எர்டோக்முஷ், அதே ஆண்டு பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர். யார் பெரிய ஆளாவார் என்று உலகம் முழுக்கப் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓரோ 2024-இல் எட்டிய, மிக இளைய சர்வதேச மாஸ்டர் என்ற சாதனையை அதற்கு முன் மிஸ்ரா வைத்திருந்தான், அதற்கு முன் பிரக்ஞானந்தா. மூவருமே உலக சாம்பியன் ஆகவில்லை. அந்தச் சாதனைப் பட்டியலிலேயே இல்லாத குகேஷ் ஆனார். அந்த இரண்டு பிள்ளைகளின் ஆட்டத்தை ரசியுங்கள். தீர்ப்பு எழுதும் வேலை நமக்கு வேண்டாம்.

ஒப்பிடாமல் இருக்கவே முடியாது என்றால், உங்கள் பிள்ளையின் போன வருட ஆட்டத்தோடு இந்த வருட ஆட்டத்தை ஒப்பிடுங்கள். தோற்ற ஆட்டத்தைத் தானாக உட்கார்ந்து அலசுகிறதா, நாலாவது மணி நேரத்தில் சலித்துப்போகாமல் தற்காக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். பள்ளியை நிறுத்த நினைத்தால் பத்தாம் வகுப்பு வரையாவது தள்ளிப்போடுங்கள்.

படிக்கட்டில் பார்த்த அந்த அப்பாவுக்கு: அந்தப் போட்டியில் மூன்றாவது ரவுண்ட் முடிந்து உங்கள் பையன் வெளியே வந்தபோது, நீங்கள் ஷீட்டில் புது எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவன் உங்கள் பக்கத்தில் வந்து நின்றான். அடுத்த ரவுண்ட் மூன்று மணிக்கு. டிபன் பாக்ஸ் அப்போது வரை திறக்கப்படவே இல்லை. தயவுசெய்து போனை வைத்துவிட்டு முதலில் அதைத் திறந்து கொடுங்கள், சார்.